கழுவெளிக்கு ஒரு மகமை

விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் நம் வணிகர்கள் செய்துவரும் தர்ம காரியங்களுக்குக் குறைவில்லை. கோயில் திருப்பணி, கோடையில் தண்ணீர்ப் பந்தல், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது நம் வழக்கமல்ல. இப்போது நீர்நிலைக்கும் பறவைக்கும் என்று நன்கொடை கேட்டு வருகிறார்கள். "கொக்குக்கும் நாரைக்கும் நாம் எதற்குக் கொடுப்பது? அது சர்க்கார் வேலையாயிற்றே!" என்று கல்லாவில் இருப்பவர் கேட்பது இயற்கையே. கொடுப்பதானால் எதற்கு, எப்படிக் கொடுப்பது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, மரக்காணத்தை ஒட்டிக் கிடக்கும் கழுவெளியை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து சேரும். மழை ஓய்ந்தபின் கழிமுகம் வழியாகக் கடல் நீர் கலக்கும். கோடையில் பெரும்பகுதி காய்ந்து சேறாகும். காய்ந்த காலத்தில் பார்த்துவிட்டு வெறும் பொட்டல் என்று நினைப்பவர் உண்டு. ஆனால் வெளிநாடுகளிலிருந்து வரும் உள்ளான்களுக்கும் ஊசிவால் வாத்துகளுக்கும், பூநாரைகளுக்கும் அந்த ஆழமில்லாத தண்ணீரும் சேறும்தான் சாப்பாட்டுக் கூடம். 2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் சுமார் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

இதில் நமக்கென்ன லாபம்? 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். ஏரிகளும் தாழ்நிலங்களும் தூர்ந்து போனால் அவ்வளவு தண்ணீரும் தெருவுக்கும் கிடங்குக்கும்தான் வரும். ஏரியில் நீர் தங்காவிட்டால் மல்லாட்டையும் நெல்லும் குறையும்; குடியானவர் கையில் பணமில்லாவிட்டால் நம் பற்றுவரவு நோட்டில் பாக்கி நிற்கும். பறவை தங்கும் ஏரி என்பது தண்ணீர் தங்கும் ஏரி. வேடந்தாங்கல் விவசாயிகள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி, 1798இல் செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கவுல் எழுதி வாங்கினார்கள்.

சரி, கொடுப்போம் என்று முடிவு செய்தால், பெரும்பாலும் ஒரு நாள் விழாவாகவே அது முடிகிறது. பேனர் கட்டி, நூறு மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கழுவெளியின் திறந்த சேற்றுப் பரப்பில் மரம் நடுவது உள்ளானுக்கு உதவியல்ல, இடைஞ்சல். பொக்லைன் வைத்து ஏரி முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டுவதும் அப்படியே. காலளவு தண்ணீரில் நின்று இரை தேடும் பறவை, ஆளளவு தண்ணீரில் என்ன செய்யும்? சீமைக் கருவேலத்தை வெட்டுவது நல்ல வேலைதான். ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டு விட்டால் மறுபடி தழைத்துவிடும். வருஷா வருஷம் ஆள் போட வேண்டும். வரத்துக் கால்வாய் தூரும் அப்படியே. பறவைக் கணக்கெடுப்பும் ஒரு ஜனவரியில் மட்டும் எடுத்தால் பயனில்லை. பத்து, இருபது வருடக் கணக்கு இருந்தால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். மொத்தமாக ஒருநாள் வரும் லட்சத்தைவிட, நின்று நிதானமாக வரும் ஆயிரம்தான் இந்தக் காரியத்துக்கு உதவும்.

அயல்நாட்டில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஹோஃப்மன் லா ரோஷ் மருந்துக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த லுக் ஹோஃப்மன், பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1954இல் ஓர் ஆய்வு நிலையம் நிறுவினார். அந்த வட்டாரத்து உப்பளம் ஒன்றில் பூநாரைகள் கூடு கட்டுவதற்காக 1970இல் மண்ணால் ஒரு தீவு அமைத்தார்கள். பூநாரைகள் அங்கே முட்டையிட்டது 1974இல்தான். முதல் வருடமே 'வரவு இல்லை' என்று கணக்கை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரக்காணம் உப்பளக்காரர்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது. நம் நாட்டிலும் 1883இல் பம்பாயில் எட்டுப் பேர் தொடங்கிய இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, மறு வருடம் இடம் கொடுத்தவர் ஃபிப்ஸன் என்ற ஒயின் வியாபாரி. அதுவும் தம் கடைக் கட்டடத்திலேயே! பின்னாளில் சலீம் அலி வளர்ந்தது அந்தக் கழகத்தில்தான்.

நமக்கு இது புதிய பாடமல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கும் மகமை நம் முன்னோர் கண்ட வழி. விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் 1889இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அதே முறையில் நூறு கடைகள் நாளுக்கு 5 ரூபாய் ஒதுக்கினால் வருடத்துக்கு 1,82,500 ரூபாய். பாதியைச் செலவிட்டு, மறுபாதியை வங்கியில் வைப்பாகப் போட்டுவந்தால், பத்து வருடத்தில் வட்டி நீங்கலாகவே 9,12,500 ரூபாய் நிலைநிதி சேரும். அதன்பின் முதலைத் தொடாமல் வட்டியில் காரியம் நடக்கும். கட்டளைச் சொத்துக்கு நாம் வைத்திருக்கும் கட்டுப்பாடு இதற்கும் வேண்டும்.

சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி எந்த வேலையும் செய்ய முடியாது. ஆகவே மேலே உள்ள ஏரிகளின் வரத்து, கரையோரக் கிராமத்துப் பள்ளிகள், வருடாந்தரப் பறவைக் கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு நம் பணம் போவது நடைமுறைக்கு உகந்தது. ஏரி வேலைக்கும் உரிய துறையின் அனுமதியை முதலில் பெற வேண்டும். ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வனம் போன்ற அமைப்புகள் கழுவெளி வட்டாரத்தில் நெடுநாள் பணியாற்றியவை. அத்தகையோரிடம் யோசனை கேட்கலாம்.

பணமே செலவில்லாத நன்கொடை ஒன்றும் உண்டு. உணவகம் நடத்தும் உறுப்பினர்கள் கொக்கு, உள்ளான், காட்டு வாத்து என்று பின்வாசலில் வருவதை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, வாங்க ஆளில்லாவிட்டால் வலை வைக்கவும் ஆளிருக்காது.

கணக்கு விஷயம்: எந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் அதன் பதிவையும், வருமான வரிக் கழிவுக்கான அங்கீகாரத்தையும், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது; காசோலை அல்லது வங்கி வழியாகவே கொடுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு பொருந்தாது என்பதால், எந்த முறை என்று முதலில் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.