இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகுமா?

மாசாய் பக்கத்து மோட்டார் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்த வேண்டுகோள் காதில் விழும்: "அண்ணே, பின்னாடி அப்சார்பர் ரொம்ப மெத்துன்னு இருக்கு, கொஞ்சம் இறுக்கி விடுங்க." பட்டறைக்காரர் கொக்கி ஸ்பானரை எடுத்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை இரண்டு படி திருப்புவார். ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது என்ற திருப்தியோடு வந்தவர் கிளம்புவார். வண்டி மாறியது உண்மைதான். ஆனால், ஸ்பிரிங் கெட்டியாகவில்லை.

இது வெறும் சொல் தகராறு அல்ல. 16 வயதில் பி2 உரிமம் எடுத்த 50 கிலோ மாணவரும், அவரைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள அப்பாவும் பல வீடுகளில் ஒரே கப்சாயைத்தான் ஓட்டுகிறார்கள். காலையில் அது பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கோ போகிறது. மாலையில் அம்மாவும் மளிகைப் பையும் ஏறுகிறார்கள். வழியெல்லாம் கொள்கலன் லாரிகள் மிதித்துப் பள்ளமாக்கிய சாலை. தொழிற்சாலை இந்த வண்டியை ஏதோ ஒரு நடுத்தர எடைக்குத்தான் அமைத்து அனுப்பியிருக்கும். அந்த நடுத்தர ஆள் உங்கள் வீட்டில் இல்லாமல் போகலாம்.

அப்சார்பரின் வேலை முதுகுவலியைத் தடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாவது வேலை. டயரைச் சாலையோடு அழுத்தி வைத்திருப்பதே முதல் வேலை. டயர் தரையை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில் பிரேக்கும் வேலை செய்யாது, வளைவில் பிடியும் இருக்காது.

ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் எடுத்தவர்களுக்கு ஹூக்கின் விதி தெரியும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் அதை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராகத்தான் வெளியிட்டார். யாரும் திருடிவிடக் கூடாதே என்ற கவலை! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1678இல், விடையை அவரே சொன்னார்: விசை எவ்வளவோ அவ்வளவு நீட்சி. அமுக்கும்போதும் அதே கதைதான்.

இப்போது ஒரு கணக்கு. எளிமைக்காக, ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் தேவை. வண்டியின் பின்பாகமும் ஓட்டுநரும் சேர்ந்து 800 நியூட்டன். ஸ்பிரிங் 40 மில்லிமீட்டர் அமுங்கும். வண்டியும் 40 மில்லிமீட்டர் இறங்கும். பின்னால் 40 கிலோ தங்கை ஏறினால் இன்னும் 400 நியூட்டன். மேலும் 20 இறங்கி, மொத்தம் 60.

வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை முன்கூட்டியே 10 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால்? அந்த 10 மில்லிமீட்டருக்கான 200 நியூட்டன் ஏற்கெனவே ஸ்பிரிங்குக்குள் இருக்கிறது. ஆகவே ஓட்டுநர் ஏறும்போது வண்டி 30தான் இறங்கும். தங்கை ஏறினால் 50. இப்போது கழித்துப் பாருங்கள். முன்பு 60க்கும் 40க்கும் இடையே 20. இப்போதும் 50க்கும் 30க்கும் இடையே 20. தங்கையின் எடைக்கு ஸ்பிரிங் அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் வளைந்து கொடுக்கிறது. மாறியது வண்டி நிற்கும் உயரம் மட்டுமே.

பிறகு ஏன் கெட்டியாகத் தெரிகிறது? வண்டி உயர்ந்து நிற்பதால், பெரிய பள்ளத்தில் விழும்போது அடிமட்டம் வரை போய் 'டக்' என்று இடிப்பது குறைகிறது. இது நல்லது. இன்னொரு காரணம் ஆபத்தானது. ஒல்லியான ஒருவர் வளையத்தைக் கடைசிப் படிவரை இறுக்கிவிட்டால், அவர் ஏறி உட்கார்ந்தும் வண்டி அசையாது. அப்சார்பர் முழுக்க நீண்ட நிலையிலேயே நிற்கும். சாலையில் குழி வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். ஆனால் இறங்க இடமே இல்லை. டயர் காற்றில் தொங்கும். ஓட்டுபவருக்கோ அது 'கெட்டியான வண்டி'யாகத் தோன்றும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஓர் அளவு நாடாவும் இரண்டு நண்பர்களும் போதும். பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே உடலில் ஓரிடம் குறித்து அளந்து கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைத் தரையில் விட்டு, ஹெல்மெட்டோடு ஏறி, இரு கால்களையும் மிதியில் வையுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் இறக்கம். சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கினால் சாலை ஓட்டத்துக்குப் பொருத்தம். மொத்தம் 90 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 23 முதல் 30. கூடினால் வளையத்தை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். சில கப்சாய்களில் இந்த வளையமே இராது. அவற்றில் ஸ்பிரிங்கையோ அப்சார்பரையோதான் மாற்ற முடியும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தங்கை ஏறி வண்டியின் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் முன்விளக்கு மேலே நிமிர்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.2 மீட்டர் என்றால், 30 மீட்டர் தொலைவில் ஒளி அரை மீட்டர் உயர்ந்துவிடும். எதிரே வருபவரின் கண் கூசும். இரண்டு பேர் போகும் நாளில் வளையத்தை ஒரு படி கூட்டுவது அவருக்கும் செய்யும் உதவி.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்துபோல் குதித்துக்கொண்டே போகும். நம் கணக்கில் உள்ள வண்டி, ஓட்டுநர் மட்டும் இருக்கையில் நொடிக்கு இரண்டரை முறை ஆடும். தங்கையும் ஏறினால் இரண்டு முறை. இந்த ஆட்டத்தை நிறுத்துவது அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். சிறு துளைகள் வழியே அதைத் தள்ள வேண்டியிருப்பதால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் அப்சார்பர் சுடுவது அதனால்தான்.

ஸ்பிரிங் திரும்பி விரியும்போது எண்ணெய் கொடுக்கும் தடை மிகக் குறைந்தால், ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை தலையாட்டும். தடை மிக அதிகமானால் வேறு கோளாறு. வரிசையாக மேடுகள் வரும்போது, முதல் மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகக் கீழே தங்கி, கடைசியில் கல்லைப்போல் இடிக்கும். "அப்சார்பர் கெட்டியா இருக்கு" என்று நாம் சொல்வது சில வேளைகளில் இதைத்தான். தளர்த்த வேண்டிய ஸ்பிரிங் இதில் எதுவுமில்லை.

விலை உயர்ந்த அப்சார்பர்களில் இந்தத் தடையைத் திருகி மாற்றலாம், ஒவ்வொரு படிக்கும் 'க்ளிக்' என்று சத்தம் வரும். 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மலேசியச் சுற்று நமக்குப் பக்கத்திலேயே, பாசிர் கூடாங்கில் இருந்த ஜோகூர் பந்தயத் தடத்தில் நடந்தது. அத்தகைய பந்தயங்களில் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஓட்டுநரும் பொறியாளரும் பேசிப் பேசி மாற்றுவது இந்த உயரத்தையும் தடையையும்தான்.

இன்று ஒய்15 போன்ற வண்டிகளில் பின்னால் ஒற்றை அப்சார்பர் இருப்பதைப் பார்க்கிறோம். யமஹாவுக்கு அந்த வழியைக் காட்டியவர் லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர். கரடுமுரடான தடங்களில் ஓடும் வண்டிக்காக அவர் உருவாக்கிய அமைப்பை யமஹா வாங்கிக்கொண்டது. 1973இல் சுவீடனின் ஹோகன் ஆண்டர்சன் அதைக் கொண்டு 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார்.

முன் ஃபோர்க்கிற்குச் செலவு குறைந்த மேம்பாடு ஒன்று உண்டு: எண்ணெய். அடர்த்தியான, மெதுவாக ஓடும் எண்ணெய் ஊற்றினால் தடை கூடும். எண்ணெயின் மட்டத்தை உயர்த்தினால் நடப்பது வேறு. எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று நிரம்பிய உயரம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க் 100 அமுங்கினால் காற்று பாதியாகும். பாயில் விதிப்படி அழுத்தம் இரு மடங்கு. எண்ணெய் மட்டத்தை 50 மில்லிமீட்டர் உயர்த்தியிருந்தால் காற்று 150இலிருந்து 50 ஆகும். அழுத்தம் மூன்று மடங்கு. பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவது குறையும். அளவு மீறினால் எண்ணெய் சீல் பிய்த்துக்கொள்ளும். அதனால் கையேட்டில் உள்ள மட்டத்திலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது.

அழகுக்காகக் குட்டையான அப்சார்பர் போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் மேலும் சாய்கிறது, ஹேண்டில் மந்தமாகிறது, சக்கரம் மேலே செல்ல இருந்த இடமும் குறைகிறது. கொள்கலன் லாரிகள் ஓடும் சாலையில் அந்த அழகு எனக்குப் பிடிபடவில்லை.

உண்மையிலேயே கெட்டியான ஸ்பிரிங் தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். வளையத்தைக் கடைசிப் படிவரை இறுக்கியும் உங்கள் இறக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நீங்கள் அவர்களில் ஒருவர். அப்போது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாது. கெட்டியான ஸ்பிரிங் வேகமாக விரியும், அதை அடக்க எண்ணெய்த் தடையும் கூட வேண்டும். இதைப் பட்டறையில் கேட்டுச் செய்யுங்கள். சில அப்சார்பர்களுக்குள் நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அவற்றை வீட்டில் கழற்றினால் உள்ளிருக்கும் பாகங்கள் தோட்டாவைப்போல் பாயும்.