55 விழுக்காட்டை விட்டுவிடாதீர்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு என் வீட்டுச் செலவில் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்பது கார் காப்புறுதியும் சாலை வரியும்தான். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் எனக்கு வயது 67, என் காருக்கு 11. சந்தை, வெள்ளிக்கிழமை கோயில், மாதம் ஒருமுறை மருத்துவமனை, அவ்வளவுதான் ஓட்டம்.

“பழைய காடிதானே அண்ணே, மூன்றாம் தரப்பு போதும்” என்றார் பக்கத்து வீட்டு நண்பர். சந்தா குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காப்புறுதி, நாம் இடித்தவருக்குத்தான் பணம் கொடுக்கும். நம் கார் திருடு போனால் ஒரு சென்கூட வராது. பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இன்னொரு கார் வாங்க முடிந்தவர் அதை எடுக்கலாம். என்னால் முடியாது.

என்னைக் கேட்டால், நம் வயதுக்காரர்களின் உண்மையான சேமிப்பு என்.சி.டி. என்ற கழிவுதான். இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என ஏறி 55 விழுக்காட்டில் நிற்கும். நாம் ஒருமுறை இழப்பீடு கோரினால் அது சுழியத்துக்கு இறங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். அடிப்படைச் சந்தா 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு உள்ளவர் கட்டுவது 450 ரிங்கிட், ஐந்தாண்டுக்கு 2,250. கழிவை இழந்தவர் முதல் ஆண்டு 1,000, அடுத்து 750, 700, 617, 550 என்று ஏறத்தாழ 3,617 ரிங்கிட் கட்டுவார். வித்தியாசம் 1,367 ரிங்கிட். சேவை வரியைச் சேர்த்தால் இன்னும் கூடும். கார் நிறுத்துமிடத் தூணில் உரசிய பம்பரை 600 ரிங்கிட்டுக்குப் பட்டறையில் சரிசெய்ய முடியும் என்றால், காப்புறுதியைத் தொடாமல் கைக்காசைக் கொடுப்பதே லாபம்.

தவறு எதிர்த்தரப்பினர்மீது என்றால் பயப்பட வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, நம் நிறுவனத்திடமே இழப்பீடு பெறலாம், கழிவு குறையாது. கண்ணாடிக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருந்தால் அதற்கும் இதே சலுகை. இந்த இரண்டும் தெரியாமல் சொந்தப் பணம் போட்டவர்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்க்கிறேன்.

இன்னொன்று: கழிவு காருக்குரியதல்ல, உங்களுக்குரியது. புதுக் கார் வாங்கினால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மகன் பெயருக்குக் காரை எழுதிக் கொடுத்தால் உங்கள் கழிவு அவனுடன் போகாது.

2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே நிர்ணயிக்கிறது. எனவே ஒரே காருக்கு, ஒரே ஓட்டுநருக்குப் பல விலை. மூன்று இடத்திலாவது கேளுங்கள். முகவர் இல்லாமல் நேரடியாக இணையத்தில் எடுத்தால் 10 விழுக்காடு தள்ளுபடி தரும் நிறுவனங்கள் உண்டு. குறைவாக ஓட்டுபவருக்குச் சலுகை தருவோரும் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்வது அரிது.

எதைக் குறைக்கக் கூடாது? வெள்ளக் காப்புறுதியை. சாதாரண முழுக் காப்புறுதியில் அது சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டிச் சந்தாவை இறக்குவதும் வேண்டாம். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டையும் அதே அளவுக்கு வெட்டுவார்கள்.

பத்து வயதைத் தாண்டிய காருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் பொருத்தினால், அதன் விலையில் 40 விழுக்காடு வரை நம் தலையில் விழும். இதைத் தவிர்க்கும் கூடுதல் காப்புறுதி கிடைக்கிறதா என்று புதுப்பிக்கும்போதே விலையோடு சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.