வாகனத் தணிக்கை வேறு, சோதனை வேறு: சாலையில் நம் உரிமையும் கடமையும்

"ஹஜ்ரத், பையன் காலேஜ் முடிந்து பைக்கில் வரும்போது போலீஸ் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகும் பையைத் திற, போனைக் கொடு என்றார்களாம். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறதா?"

ஜும்ஆ முடிந்ததும் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு நம் வீடுகளில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. "போலீஸ் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடு" என்பது ஒன்று. "வாரண்ட் இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் தொடவே விடாதே" என்பது வாட்ஸ்அப் வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொல்லப்படும் மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவது நம் பிள்ளைகளைக் கோழைகளாக்குகிறது, இரண்டாவது அவர்களை வீண் வழக்கில் மாட்டிவிடுகிறது.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால், வண்டியை நிறுத்தி ஆவணங்களைப் பார்ப்பது தணிக்கை. பையையும் உடலையும் வண்டியின் உள்பகுதியையும் துழாவுவது சோதனை. முதல் அதிகாரம் இருப்பதாலேயே இரண்டாவது அதிகாரம் வந்துவிடாது. சோதனைக்குத் தனியாக ஒரு காரணமும், தனியாக ஒரு முறையும் வேண்டும்.

தணிக்கையில் என்ன கேட்கலாம்?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் எந்தக் காவலரும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டும்படி கேட்கலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றை, அரசு அதிகாரம் அளித்துள்ள சீருடைக் காவலர்கள் கேட்பதற்கு 158ஆவது பிரிவு இடம் தருகிறது. காட்ட வேண்டியது நம் கடமை.

இந்த ஆவணங்களைக் காகிதமாகவே வைத்திருக்க வேண்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ளவையும் செல்லும்.

குடிபோதையில் ஓட்டுவதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் ஊதிக் காட்டும்படி கேட்க 203ஆவது பிரிவு அனுமதிக்கிறது. "நாங்கள் முஸ்லிம்கள், குடிக்க மாட்டோம்" என்று சொல்லி மறுக்கக் கூடாது. மறுத்தால் அதுவே கைது வரை கொண்டுபோய் விடும். ஊதிவிட்டால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

உரிமமே இல்லாமல் ஓட்டினாலோ, வயது வராதவர் ஓட்டினாலோ, பதிவு செய்யாத வண்டியாக இருந்தாலோ வண்டியைப் பிடித்து வைக்க 207ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. குறிப்பிட்ட சூழ்நிலைகளில் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ள 206ஆவது பிரிவில் இடமுண்டு, ஆனால் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஓடும் வண்டியின் சாவியைப் பிடுங்கலாம் என்று இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

சோதனை எப்போது சட்டப்படியாகும்?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 185ஆவது பிரிவு, வாரண்ட் இல்லாமலேயே சோதனையிட வழி தருகிறது. ஆகவே "வாரண்ட் எங்கே?" என்ற ஒற்றைக் கேள்வி எப்போதும் உதவாது. ஆனால் அந்த அதிகாரம் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் வழக்கைப் புலனாய்வு செய்யும் அதிகாரிக்கும் உரியது. ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்யத் தேவையான பொருள் அங்கே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை முதலில் எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

'இடம்' என்ற சொல்லுக்குள் வீடு, கட்டடம் மட்டுமல்ல, வாகனமும் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் தருகிறது. எனவே 103ஆவது பிரிவில் உள்ள பாதுகாப்புகள் நம் காருக்கும் பொருந்தும். அப்பகுதியைச் சேர்ந்த, நம்பத்தகுந்த இருவரையாவது சாட்சியாக வைக்க வேண்டும். எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் போட வேண்டும். அதன் நகல் நமக்குக் கிடைக்க வேண்டும். 105ஆவது பிரிவு புதிதாக வந்தது. சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. செல்போனிலேயே பதிவு செய்யலாம் என்றும் சொல்கிறது.

இதுதவிர வேறு சில சூழ்நிலைகளும் உண்டு. திருட்டுப் பொருள் என்றோ, குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகத்துக்கு இடமளிக்கும் நிலையில் ஒரு பொருள் காணப்பட்டால் 106ஆவது பிரிவின்படி காவலர் அதைக் கைப்பற்றலாம். ஒருவரைக் கைது செய்துவிட்டால் 49ஆவது பிரிவின்படி அவரைச் சோதனையிடலாம். அப்போது எடுத்த பொருட்களுக்கு ரசீது தர வேண்டும்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நாட்களில் பறக்கும் படையினர் வாகனங்களைச் சோதிப்பதை நாம் அறிவோம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துச் செல்லும் வியாபாரிகளும், நிக்காஹ் செலவுக்குப் பணமும் நகையும் கொண்டு செல்லும் குடும்பத்தாரும் வங்கிச் சீட்டு, பில், அழைப்பிதழ் ஆகியவற்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது. பணம் பிடிபட்டுவிட்டால் ரசீது வாங்கிக்கொண்டு மாவட்டக் குறைதீர்க் குழுவிடம் முறையிடலாம்.

கஞ்சா தேடுகிறோம் என்றால்?

இளைஞர்களை நிறுத்திச் சோதிக்கும்போது பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் இதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தருவது உண்மை. பொது இடத்தில் நிறுத்திச் சோதிக்க 43ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தனியார் வாகனம் அந்தப் பிரிவு சொல்லும் பொது இடம் ஆகாது என்று பூட்டா சிங் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்போது கிடைத்த தகவலை எழுத்தில் பதிவது உள்ளிட்ட 42ஆவது பிரிவின் கடுமையான நிபந்தனைகள் பொருந்தும்.

50ஆவது பிரிவை ஒவ்வொரு இளைஞரும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் உடலைச் சோதிக்கும் முன், "கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு" என்று காவலர் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1999இல் பல்தேவ் சிங் வழக்கிலும் 2010இல் விஜயசிங் ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதிசெய்தன. அதே நேரம் இந்தப் பாதுகாப்பு உடலுக்குத்தான், கையில் உள்ள பைக்கோ வண்டிக்கோ அல்ல என்பதையும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. காரணமே இல்லாமல் தொல்லைப்படுத்தும் நோக்கில் சோதனையிடும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 58ஆவது பிரிவு சொல்கிறது.

தொப்பியும் தாடியும் புர்காவும் எந்தச் சட்டத்திலும் 'நியாயமான காரணம்' ஆகாது. சந்தேகம் என்பது ஒருவர் செய்த செயலிலிருந்தோ கிடைத்த தகவலிலிருந்தோ வர வேண்டும், அவருடைய தோற்றத்திலிருந்து வரக் கூடாது.

செல்போனைக் கொடுக்க வேண்டுமா?

2021 அக்டோபரில் ஐதராபாத்தில் சாலையில் போவோரை நிறுத்தி, அவர்களின் வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடிப் பார்த்த காட்சிகள் வெளியாகிப் பெரும் விவாதமானது. வாகனத் தணிக்கையின்போது போனுக்குள் இருப்பதைப் பார்க்க மோட்டார் வாகனச் சட்டம் எந்த அதிகாரமும் தரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஒரு வழக்குக்காகப் போன் தேவைப்பட்டால், அதை ஒப்படைக்கும்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும் என்று புதிய சட்டத்தின் 94ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே டிஜிலாக்கரைக் காட்டும்போது போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். திறந்த போனை நீட்டிவிட்டு நிற்காதீர்கள்.

நம் பெண்கள்

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்பதில் சட்டத்துக்கு இரண்டு கருத்து இல்லை. பெண் காவலர் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்வது சட்டத்தை மதிப்பதாகும், மறுப்பதாகாது. அடையாளம் உறுதிசெய்ய முகத்தைக் காட்டச் சொன்னால் பெண் காவலரிடம் காட்டலாம். சாட்சி சொல்வது போன்ற தேவைகளுக்காக முகம் காட்டுவதை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதித்தே இருக்கிறார்கள். இதை ஒரு சண்டையாக்க வேண்டியதில்லை.

முறை தவறிய சோதனையில் கிடைத்த பொருள்

சோதனை முறை தவறிவிட்டது என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியாகாமல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. பொருள் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்கலாம் என்று 1973இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 50ஆவது பிரிவு போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. ஆகவே யாரோ கொடுத்த பொட்டலத்தை என்னவென்று கேட்காமல் வண்டியில் வைத்துக்கொண்டு, உரிமை காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது.

மார்க்கம் காட்டும் வழி

பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனத்தில் தடுத்துள்ளான். உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தின்போது ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளே சென்று, அங்கே மது அருந்திய ஒருவரைக் கண்டித்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. "நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லவில்லை" என்ற கருத்தில் அவர் பதிலளிக்க, கலீஃபா அதை ஏற்றுத் திரும்பினார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்தெழுதியுள்ளார்கள். ஆட்சியாளரின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

ஆனால் உரிமையைப் பேசும் நாம் கடமையில் சுத்தமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் பைக்கைக் கொடுத்து மஸ்ஜிதுக்கு அனுப்பும் தந்தைக்கு, 2019 திருத்தத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம், வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். அபராதத்தைத் தவிர்க்கக் கையில் எதையாவது கொடுத்து முடிப்பதும் கூடாது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்திலும் கொடுப்பவர் குற்றவாளிதான். சலான் போட்டு ரசீது வாங்குங்கள், அது ஹலாலான செலவு.

சாலையில் செய்ய வேண்டியது

• வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆவணங்களைக் காட்டுங்கள். தப்பி ஓடுவதுதான் சந்தேகத்துக்கு முதல் காரணமாகிறது.

• சோதனை என்று சொன்னால், "சார், எந்தக் காரணத்துக்காக, எந்தச் சட்டத்தின் கீழ் என்று சொல்லுங்கள், வீடியோ பதிவும் செய்யுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

• மீறிச் சோதித்தால் கையைத் தட்டிவிடாதீர்கள், மல்லுக்கு நிற்காதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக வழக்கு வந்தால் அசல் விஷயம் மறைந்துவிடும். உங்களுக்குச் சம்மதமில்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

• படித்துப் பார்க்காத எதிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

• அதிகாரியின் பெயர், பதவி, இடம், நேரம், அங்கிருந்தவர்கள் பற்றிய விவரங்களை அன்றே எழுதி வையுங்கள்.

• கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

அத்துமீறல் நடந்திருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ எழுத்து மூலம் புகார் தரலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு அனுப்பலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களும் காவலில் இருப்பவர்களும் வருமான வரம்பு இல்லாமலேயே அந்த உதவியைப் பெறலாம்.

இந்த விவரங்களை வீட்டில் எல்லோரும் அமர்ந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒருமுறை விளக்குங்கள். சாலையில் நிறுத்தப்படும் அந்த ஐந்து நிமிடத்தில் பயமும் கோபமும்தான் முதலில் வரும், முன்பே தெரிந்து வைத்திருந்தால் நிதானம் வரும். நம் பிள்ளைகளின் மானத்தையும் பாதுகாப்பையும் வல்ல ரஹ்மான் காப்பானாக! ஆமீன்.