‘சைத்தான் பிள்ளை’ என்று சொல்லாதீர்கள்!

உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ இப்படி ஒரு சிறுவன் இருக்கக்கூடும். சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தால், நான்கு வாய் உண்பதற்குள் இரண்டு முறை எழுந்து ஓடுவான். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பையனின் தொப்பியைத் தட்டிவிடுவான். வீட்டுப் பாடத்தைக் கஷ்டப்பட்டு எழுதி முடித்துவிட்டு, அந்த நோட்டைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல மறந்துவிடுவான். பள்ளி ஆசிரியர் கண்டிப்பார், ஹஜ்ரத் முறையிடுவார், வாப்பா பிரம்பை எடுப்பார், உம்மா கண்ணீர் விடுவார். முடிவில், "சைத்தான் பிள்ளை" என்னும் பட்டம் அவனுக்கு வந்து சேரும்.

சொன்ன நாம் அந்தச் சொல்லை மறந்துவிடுகிறோம். ஆனால் பிள்ளை மறப்பதில்லை.

இத்தகைய பிள்ளைகள் எல்லோரும் நோயுற்றவர்கள் அல்லர். குறும்பு குழந்தைப் பருவத்தின் இயல்பு. ஆயினும், வயதுக்கு மீறிய கவனச் சிதறலும், அடங்காத துறுதுறுப்பும், முன்பின் யோசியாத அவசரமும் ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்து, வீட்டில் மட்டுமின்றிப் பள்ளியிலும் காணப்பட்டு, அன்றாட வாழ்வைக் கெடுக்குமானால், மருத்துவர்கள் அதனை ‘ஏ.டி.எச்.டி.’ என்கிறார்கள். கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று தமிழில் கூறலாம்.

வளர்ப்பின் குற்றமா?

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைத் தாமே கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். உலகில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பிள்ளைகளுக்கு இக்கோளாறு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

இதற்குப் பெரிய காரணம் மரபுவழியே. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு மிகுதி. கவனத்தையும் நிதானத்தையும் ஆளுகின்ற மூளைப் பகுதிகள் இப்பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாக முதிர்ச்சி அடைகின்றன. ஆகவே, "தாயின் செல்லம்தான் கெடுத்தது" என்று மாமியார் கூறுவதும், "சர்க்கரை அதிகம் தின்றதால்தான்" என்று அண்டை வீட்டார் கூறுவதும் உண்மையல்ல. கண்ணூறு என்று எண்ணி ஓதிப் பார்ப்பவர்களும் உண்டு. பிள்ளைக்காக துஆச் செய்வது பெற்றோரின் கடமை. அதற்காக மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

மனம் எவ்வாறு புண்படுகிறது?

இங்குதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். இக்கோளாறைக் காட்டிலும், அதனைச் சூழ்ந்து வளரும் மனத்துன்பமே பல பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது.

ஒரு நாளில் அப்பிள்ளை எத்தனை கண்டனங்களைக் கேட்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். "உட்கார்", "கவனி", "மறுபடியும் தொலைத்துவிட்டாயா?" என்பவை காலை முதல் இரவு வரை தொடர்கின்றன. அவன் முயலாமல் இல்லை, முயன்றும் தோற்கிறான். தோல்விக்குக் காரணம் தெரியாத நிலையில், "நான் கெட்டவன்" என்னும் முடிவுக்கு வருகிறான். சிலர் அந்த முடிவுக்கேற்ப முரடராகின்றனர். சிலர் பள்ளியை நினைத்தாலே அஞ்சி, வயிற்று வலி என்று படுத்துக்கொள்கின்றனர். வளர்ந்தபின் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கு ஆளாகும் அபாயமும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேறொரு மன அல்லது கற்றல் பிரச்சினையும் சேர்ந்தே இருக்கிறது.

இதன் மறுபுறமும் உண்டு. தூக்கமின்மை, காது கேளாமை, வீட்டில் ஓயாத சண்டை, ஆழ்ந்த கவலை ஆகியவையும் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கும். எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தறிய மருத்துவரால்தான் இயலும்.

"நான் செத்துப்போனால் நல்லது" என்று ஒரு பிள்ளை கூறினால், அதனைக் கோபத்தில் கூறியதாகத் தள்ளிவிடாதீர்கள். அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

சத்தமில்லாத பெண் பிள்ளை

இக்கோளாறு ஆண் பிள்ளைகளுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் ஓடுவதில்லை, கூச்சலிடுவதில்லை. சன்னலருகே அமர்ந்து கனவில் ஆழ்ந்திருப்பார்கள். யாருக்கும் தொல்லை தராததால் யாரும் கவனிப்பதில்லை. அவர்கள் மணமாகிப் புகுந்த வீட்டுக்குச் சென்றபின், அடுப்பில் பால் பொங்கி வழியும், சாவி தொலையும், தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். "பொறுப்பில்லாதவள்" என்ற சொல் அன்றாடம் காதில் விழும். மனச்சோர்வு என்று மட்டும் மருந்து உண்டு வருவார்கள். அடிப்படைக் காரணம் அறியப்படாமலே போகும்.

வளர்ந்தவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இக்கோளாறு இருக்கிறது. சகோதரியே! மகனுக்காக மருத்துவர் கேட்கும் கேள்விகளில் உங்கள் இளமைக் காலம் உங்களுக்குத் தெரியுமானால், தயங்காமல் அவரிடம் கூறுங்கள். உதவி உங்களுக்கும் உண்டு.

செய்ய வேண்டியவை

இதனைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் விவரங்களைக் கேட்டு மருத்துவர் முடிவு செய்வார். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு அளிக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை. ஆறு வயதுக்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் தரப்படும். 1937-இல் அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்தொன்று இத்தகைய பிள்ளைகளைப் படிப்பில் நிலைப்படுத்துவதைக் கண்டார். இன்று பெரிதும் வழங்கப்படும் மீதைல்பெனிடேட் அவ்வகையைச் சேர்ந்ததே. 1999-இல் வெளியான, 579 பிள்ளைகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பசி குறைதலும் தூக்கம் தாமதமாதலும் இம்மருந்தின் பக்க விளைவுகள். எனவே மருத்துவர் மேற்பார்வை அவசியம். ரமலானில் நோன்பு நோற்க விரும்புவோர், சஹர் வேளையில் மருந்தை உண்பதா, அளவை மாற்றுவதா என்பதை மாதம் பிறக்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் பல. ஒரே மூச்சில் நான்கு வேலைகளை ஏவாதீர்கள். அருகே சென்று, முகம் பார்த்து, ஒன்றை மட்டும் கூறுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரியுங்கள். புத்தகப் பை, காலணி, தொப்பி ஆகியவற்றுக்கு நிலையான இடம் வையுங்கள். உறங்கும் நேரத்தை மாற்றாதீர்கள். நல்லதொன்றைச் செய்தால் அக்கணமே பாராட்டுங்கள். பள்ளி ஆசிரியரிடமும் ஹஜ்ரத்திடமும் நிலைமையை விளக்கி, முன் வரிசையில் அமர்த்தக் கேளுங்கள். பிரம்பு அச்சத்தைத் தரும், கவனத்தைத் தராது.

எங்கே செல்வதென்று தெரியாதவர்கள், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்கச் செல்லுமுன், அன்றைய நாளில் அவன் சரியாகச் செய்த ஒரு காரியத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். சிறிதாயினும் சரி, அதை அவன் பெயர் சொல்லி அவனிடமே கூறுங்கள். பலநாள் ஏச்சுக்களால் காயம்பட்ட அந்தச் சின்ன உள்ளத்துக்குச் சிகிச்சை அங்கிருந்தே தொடங்கட்டும்.