நீர் காத்த காடு

முல்லை என்பது காடும் காடு சார்ந்த இடமும் என்று இலக்கண வகுப்பில் பயில்கிறோம். வானளாவிய கட்டடங்களின் நடுவே காடும் அமைந்திருக்கும் ஒரு மாநகரை எத்திணையில் சேர்ப்பது? சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டுப் பாதையில் நடந்தபோது இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

சபர் சென்று திரும்பிய பெரியோர் வழியாகச் சிங்கை நமக்கு நெடுநாள் அறிமுகமான ஊர். தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை எழுப்பப்பட்ட நாகூர் தர்காவைப் பற்றியும், சிராங்கூன் சாலைக் கடைகளைப் பற்றியும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நகரின் நடுவே ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பில் ஒரு காடு இருப்பதை மட்டும் எவரும் சொல்லக் கேட்டதில்லை. உழைக்கச் சென்றவர்க்குக் காடு காணப் பொழுது ஏது?

மெக்ரிட்சியில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 11 கி.மீ. நீளமுடையது. சில இடங்களில் அது மண் பாதை; சில இடங்களில் நீரின் விளிம்பை ஒட்டிய பலகைப் பாதை. உள்ளே சென்றால் இரு குன்றுகளை இணைக்கும் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஒன்று உண்டு. தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரை எழும் அதன்மேல் நின்று மரங்களின் தலைகளைக் கீழ்நோக்கிக் காணலாம். மேற்கே 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றில் செங்குத்தான ஏறுபாதைகள் உள்ளன. மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று, தீமா என்றால் ஈயம். எனினும் அங்கு ஈயம் அகழப்பட்டதாகச் செய்தியில்லை. ‘தெமாக்’ என்னும் மரத்தின் பெயரே திரிந்து இவ்வாறாயிற்று என்பாரும் உளர். ஊர்ப்பெயராய்வில் ஈடுபாடுடைய மாணவர்க்கு இது சுவையான செய்தி.

இக்காடு எஞ்சியது எவ்வாறு? அழகுக்காக எவரும் அதனைக் காக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கையின் காடுகள் கேம்பியர் பயிருக்காக அழிந்தன. கேம்பியர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிட உதவுவது. தோல் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்டிருப்பதால் அதன் தேவையை நாம் எளிதில் உணரலாம். இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்காகக் காடு வெட்டப்பட்டது. மண்ணின் வளம் வற்றியதும் தோட்டக்காரர் அடுத்த காட்டை நாடினர். 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கிய வாலேஸ் என்னும் அறிஞர் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அப்போதே காடு துண்டு துண்டாகச் சிதைந்துகொண்டிருந்தது.

காட்டைக் காத்தது குடிநீர்த் தேவையே. நகருக்கு நன்னீர் வேண்டி 1857-இல் தான் கிம் செங் என்னும் சீன வணிகர் 13,000 வெள்ளி வழங்கினார். 1868-இல் நீர்த்தேக்கம் உருவாயிற்று. நீர் தெளிவாக வர வேண்டுமாயின் அதனைச் சூழ்ந்த மண் கரையாதிருக்க வேண்டும். மண் கரையாதிருக்க மரம் வேண்டும். ஆகவே நீர்பிடிப்பு நிலத்தில் கோடரி தடுக்கப்பட்டது. வள்ளுவர் நாட்டின் அரணாக நீரையும் காட்டையும் ஒருங்கே வைத்ததை இங்கு நினைவுகூரலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை ஹரமாக அறிவித்து அங்கு மரம் வெட்டுவதைத் தடுத்த செய்தியும் நாம் அறிந்ததே.

வெட்டிய காடு தானே வளர்ந்துவிடாதா என்று கேட்கலாம். அப்பாதையிலேயே இதற்கு விடை கிடைக்கிறது. கேம்பியர் தோட்டக்காரர் கைவிட்ட நிலத்தில் ‘தியுப் தியுப்’ போன்ற, வளமற்ற மண்ணையும் பொறுக்கும் மரங்களே மிகுதியாக நிற்கின்றன. பழங்காட்டின் பெருமரமாகிய செராயாவின் கனிக்குச் சிறகுகள் உண்டு. ஆயினும் அது சுழன்று தாய்மரத்தின் அருகிலேயே விழும். விதையும் நெடுநாள் உயிர்தாங்காது. ஆதலின் நூறாண்டு கடந்தும் செராயா அந்நிலத்துக்குத் திரும்பவில்லை. பாதையின் ஒரு வளைவில் இருவகைக் காடுகளையும் அடுத்தடுத்துக் கண்டபோது, வரலாற்று நூலின் இரு பக்கங்களைப் புரட்டியதுபோல் இருந்தது.

இன்றைய நகரும் இக்காட்டை அவ்வப்போது நெருக்குகிறது. கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, இயற்கைச் சங்கத்தார் 1992-இல் விரிவான ஆய்வறிக்கை வெளியிட்டனர். அத்திட்டம் கைவிடப்பட்டது. 1980-களில் அமைந்த விரைவுச்சாலையோ புக்கிட் தீமாவை ஏனைய காட்டினின்றும் அறுத்துவிட்டது. சாலையைக் கடக்க முயன்ற அழுங்கு முதலிய உயிர்கள் மாண்டன. அப்பிளவை இணைக்க 2013-இல் சாலையின்மேல் 62 மீட்டர் நீளத்தில் மரங்கள் நட்ட பாலம் ஒன்று கட்டப்பட்டது. அது விலங்குகளுக்குரியது. மனிதர் நடக்கப் பொதுவழி அதில் இல்லை. சாலை போடும்போதே எண்ணியிருந்தால் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது என்பது நம் கருத்து. காட்டின்கீழ் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் ரயில் சுரங்கம் அமைக்க 2019-இல் முடிவாயிற்று. இயற்கை ஆர்வலர் காட்டைச் சுற்றிச் செல்லும் வழியை வேண்டினர். அதற்கு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி கூடுதலாகும் என்று அரசு கணக்கிட்டது.

நடப்பவர் கால்களும் காட்டை வருத்துவதுண்டு. புக்கிட் தீமாவில் கூட்டம் மிகுந்து, பாதைகள் அகன்று, மண் அரித்து வேர்கள் வெளித்தெரிந்தன. 2014-இல் சீரமைப்புக்காகப் பாதைகளின் பெரும்பகுதியை மூடி, 2016-இல்தான் முழுமையாகத் திறந்தனர். இப்போது பல இடங்களில் பாதம் மண்ணைத் தொடாமல் பலகைமேலும் படிமேலும் நடக்கிறோம். குரங்குகளுக்கு உணவிடுதல் குற்றம்; தண்டத்தொகை உண்டு. நம்மிடம் இருந்த பேரீச்சம்பழப் பொதியை ஒரு குரங்கு உற்று நோக்கியபோது, அதனைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு விரைந்தோம்.

புக்கிட் தீமா காட்டின் நேரம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை. சிங்கை நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் மக்ரிப் நேரமும் ஏறத்தாழ அப்போதே. நாம் இறங்கி வந்தபோது சில்வண்டுகளின் ஒலி எழத் தொடங்கியிருந்தது.