மாவுக்கட்டுப் போட்டாயிற்று, இனி விரலைப் பாருங்கள்

கையில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறீர்கள். நர்ஸ் வருகிறார். முறிந்த இடத்தைத் தொடக்கூட இல்லை. விரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறார். "விரலை மடக்குங்க, நீட்டுங்க. மரத்த மாதிரி இருக்கா?" ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் அதே கேள்வி. முறிந்தது மணிக்கட்டு, இவருக்கு ஏன் விரல் மேலேயே கண் என்று தோன்றும். வீட்டுக்குப் போன பிறகு இந்த வேலையை நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள். அதனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முறிவு என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. தோல் கிழியாமல் உள்ளே மட்டும் முறிந்தால் அது மூடிய முறிவு. முறிந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தால் அது திறந்த முறிவு. எலும்பு வெளியே தெரிய வேண்டும் என்றில்லை. சின்னப் புண் வழியாகவும் கிருமி எலும்பு வரை போய்விடும். சுத்தமான துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பாதீர்கள். எலும்பை உள்ளே தள்ளவும் வேண்டாம்.

குழந்தையின் எலும்பு பல சமயம் முருங்கைக் கொம்பு போலச் சட்டென்று ஒடியாது. பச்சை வேப்பங்குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் நார் பிரிந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி. வயதானவர்களுக்கு எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாதல்) இருந்தால் குளியலறையில் வழுக்கினாலே இடுப்பு முறியும்.

கை அசைகிறதே, அப்படியென்றால் முறிவு இல்லைதானே?

அதை நம்பாதீர்கள். முறிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் ஓரளவு அசைக்க முடியும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

டாக்டர் என்ன செய்வார்?

விலகிய எலும்பை நேராக்குவார், அசையாமல் நிறுத்துவார். நிறுத்துவதற்குச் சிலருக்கு மாவுக்கட்டு போதும், சிலருக்கு உள்ளே பிளேட்டோ கம்பியோ வைக்க வேண்டும். ஒட்டுகிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு மணிக்கட்டு ஏறக்குறைய ஆறு வாரம், முழங்காலுக்குக் கீழ் எலும்பு மூன்று நான்கு மாதம். குழந்தைகளுக்கு இதைவிடச் சீக்கிரம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தாமதமாகும்.

சரி, விரலுக்கு வருவோம்.

முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும். வீக்கம் விரியப் பார்க்கும், காய்ந்த மாவு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். இதுதான் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுதல்). சுமார் ஆறு மணி நேரம் அப்படியே விட்டால் தசை மீளாமல் கெட்டுப்போகக்கூடும். கட்டுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்தான் சாட்சி.

நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விட்டதும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் வர வேண்டும். அடிபடாத கை விரலோடு ஒப்பிடுங்கள். சில்லென்று இருக்கிறதா? நீலம் பாரித்திருக்கிறதா? பஞ்சால் தடவினால் தெரிகிறதா? குழந்தை என்றால் 'தம்ஸ் அப்' காட்டச் சொல்லுங்கள், விரலை விரிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட வலிதான் முக்கியம். மாத்திரை போட்டும் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை வேறொருவர் மெதுவாக நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி: இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாடி துடிக்கிறதே என்றும் சமாதானமாக வேண்டாம். தசை கெட்டுக்கொண்டிருக்கும்போதும் நாடி துடிக்கும். "கட்டுப் போட்டா அப்படித்தான் வலிக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாட்டுக்கட்டுப் போட்டுக்கொள்ளலாமா?

இலையும் முட்டையும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டும் புத்தூர் கட்டைப் பற்றி நம் வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். என் கருத்து இது: தோல் கிழிந்த முறிவு, மூட்டில் முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, இந்த மூன்றுக்கும் ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போகாதீர்கள். இலையும் முட்டையும் தப்பு செய்வதில்லை. மூங்கில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு விரலைப் பார்க்காமல் விடுவதுதான் விபரீதம். கட்டியவர் யாரானாலும் விரல் சோதனை ஒன்றுதான்.

வீட்டில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

அடிபட்டதுமே மோதிரம், வளையல், கால் என்றால் மெட்டி, எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெட்டியைக் கழற்றப் பாட்டி சம்மதிக்க மாட்டார். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கையையோ காலையோ தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். மாவு முழுக்கக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை அழுத்தாதீர்கள், அதன் பிறகும் நனைக்காதீர்கள். அரிக்கிறது என்று ஸ்கேல், ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே புண்ணாகிச் சீழ் பிடித்தாலும் வாடை வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒன்று கேளுங்கள்: "ராத்திரி விரல் மரத்துப் போனா எங்கே வரணும், யாருக்கு போன் பண்ணணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.