நிழற்படத் திருத்தமும் இலவச மென்பொருளும்

ஒரு கல்லூரியின் வரலாற்றுக்கு ஏடுகள் எத்துணைச் சான்றாகின்றனவோ அத்துணைச் சான்றாவன அதன் பழைய நிழற்படங்கள். 1995 ஆம் ஆண்டு வலிகாம மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்த காலத்தும் அதற்கு முன்னும் பின்னும் நம்மவர் இல்லங்களில் அத்தகைய படங்கள் பல அழிந்தொழிந்தன. எஞ்சியவையோ மங்கியும், கறைபட்டும், மடிப்பு விழுந்தும் கிடக்கின்றன. அவற்றைச் செம்மை செய்து பேணுதல் நமது கடன். அதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை.

1990 இல் வெளிவந்த போட்டோஷொப் என்னும் மென்பொருள் இத்துறையிற் பெயர் பெற்றது. எனினும் 2013 தொடக்கம் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையிலேயே வழங்கப்படுகின்றன. சில படங்களைத் திருத்த விரும்பும் ஒருவர்க்கு அச்செலவு மிகை. ஆதலின் இலவச மென்பொருள்களை நாடுகின்றோம். ஆயின் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

கூகிள் நிறுவனம் 2004 இல் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா, 2016 இல் அந்நிறுவனத்தாலேயே கைவிடப்பட்டது. உரிமை ஒருவர் கையில் இருப்பின் முடிவும் அவர் கையிலேயே. கிம்ப் என்பதோ அத்தகையதன்று. 1995 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து மாணவர் இருவர் தொடங்கிய இம்மென்பொருளின் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தொடங்கியவர்கள் விலகிய பின்னரும் பிறர் அதனை வளர்த்தனர். 2025 இல் அதன் மூன்றாம் பெரும்பதிப்பு வெளிவந்தது. நெடுங்காலம் பேணவேண்டிய பணிக்கு இத்தகையதே நம்பத்தக்கது.

எனினும் எல்லாப் பணிக்கும் கிம்ப் வேண்டுமென்பதில்லை. படத்தைத் திருப்புதல், ஓரம் வெட்டுதல், நூறு படங்களை ஒரே முறையில் அளவு மாற்றிப் பெயரிடுதல் ஆகியவற்றுக்கு 1996 இல் வெளிவந்த இர்பான்வியூ போதும். வீட்டுப் பயனுக்கும் பாடசாலைகளுக்கும் அது இலவசம். பெயின்ற்.நெற் அடுக்குகளுடன் வேலைசெய்ய எளியது. இவ்விரண்டும் விண்டோஸ் கணினிக்கே உரியன. எதனையும் நிறுவ இயலாத கணினியில், உலாவியிலேயே இயங்கும் போட்டோபியாவைப் பயன்படுத்தலாம். விளம்பரங்கள் தோன்றினும், படம் நம் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. கிம்ப், விண்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். எதனைத் தெரியினும் அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுக.

இனி, மங்கிய படத்தைத் திருத்துமாறு கூறுவாம். மங்கிய படத்திற் கருமை சாம்பலாகவும் வெண்மை மஞ்சளாகவும் மாறியிருக்கும். கிம்பில் உள்ள 'நிலைகள்' என்னும் கருவியால் மிக இருண்ட புள்ளியைக் கருமையாகவும் மிக ஒளிர்ந்த புள்ளியை வெண்மையாகவும் அமைத்தால், இடைப்பட்ட சாயல்கள் தாமே விரிந்து முகங்கள் தெளியும். இதனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களுக்குத் தனித்தனியே செய்யின் மஞ்சள் நீங்கும். கீறல்களை அருகிலுள்ள நல்ல பகுதியைக் கொண்டு மறைப்பதற்கும் கருவி உண்டு.

இப்பணியில் மூன்று நெறிகள் பேணற்பாலன. முதலாவது, சிறிய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடுக. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதுமாதலின், அதனை இருமடங்கு பெருப்பித்து அச்சிடலாம். இரண்டாவது, மூலப்பிரதியைத் தொடாது வைத்து, பிரதியொன்றிலேயே வேலை செய்க. ஜேபெக் வடிவம் திருத்திச் சேமிக்குந்தோறும் நுண்விவரங்களை இழக்கும்; ரிஃப், பிஎன்ஜி என்பன இழப்பதில்லை. மூன்றாவதே தலையாயது. கறையை நீக்கலாம்; அழிந்துபோன முகத்தை ஊகித்து வரைதல் ஆகாது. அங்ஙனம் வரைந்தது சான்றன்று, புனைவு. சிதைந்த பகுதி சிதைந்தவாறே இருக்க.

படத்தைத் திருத்துவதோடு பணி முடிவதில்லை. வரிசையில் நிற்போரின் பெயரை அறிந்த மூத்தோர் நம்மிடையே உள்ளபோதே அப்பெயர்களையும் ஆண்டையும் படத்தோடு எழுதி வைத்தல் வேண்டும். எந்த மென்பொருளும் மீட்டுத்தர இயலாதவை அவையே. பழைய மாணவர் தத்தம் பெட்டகங்களைத் திறப்பாராக. இன்றைய மாணவர் தம் கணினித் திறனை நல்குவாராக.